130 மி.மீ. டெலஸ்கோப்: கோட்டையூர் மொட்டை மாடியில் மூன்று மாதம்

டெலஸ்கோப் வாங்கலாமா, வாங்கினால் எது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன செப்டம்பரில் நான் தேடியபோது எங்கள் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆள் கிடைக்கவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். மங்குச் சாமான், எனாமல் சட்டி, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம் என்று இருபத்தாறு வருஷமாக வாங்கி விற்கிறேன். வானியல் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு பொருளைக் கையில் எடுத்து, அசலா நகலா என்று சொல்வது என் பிழைப்பு. அந்தக் கண்ணோடுதான் இதையும் பார்த்தேன்.

வாங்கத் தூண்டியது ஒரு கிரகணம். 2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. காரைக்குடி பக்கத்துக் கோட்டையூரில் எங்கள் பங்காளிகளின் பொது வீட்டு மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். பத்து மணி வாக்கில் நிலாவின் ஓரம் கறுக்கத் தொடங்கியது. பதினொன்றுக்கு முழுதும் நிழலுக்குள் போய், பழைய செம்புக் குடத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிற நிறத்துக்கு வந்தது. கிரகணம் விட்டுக் குளித்த பிறகுதான் சாப்பாடு என்று ஆத்தா சொல்லிவிட்டதால் யாரும் கீழே இறங்கவில்லை. அப்போதுதான் அம்மான் கேட்டார். ஆத்தாவின் தம்பி அவர், 78 வயது. இளவயதில் மலேசியாவில் ஈப்போ நகரில், கிட்டங்கி என்கிற வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது முதலாளியின் ஏஜெண்டுக்கு உதவியாளராக இருந்தவர். இன்றைக்கும் பால் கணக்கைக்கூட வரவு, பற்று என்று இரண்டு பத்தியாகத்தான் எழுதுவார்.

"ஏம்ப்பா, அங்க மனுசன் போய்ட்டு வந்தான்கிறத நீ நெசமாவே நம்புறியா? 69-ல ஈப்போல ரேடியோவுல கேட்டப்ப நானும் நம்பினேன். போனவன் அம்பது வருசமா ஏன் மறுபடி போகலை? இப்ப எதுக்குத் திரும்பவும் கோடி கோடியாக் கொட்டணும்?"

அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் கடையில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் அவர் கேட்டது இரண்டு கேள்வி என்று புரிந்தது. போனது உண்மையா என்பது ஒன்று. மறுபடி போகத்தான் வேண்டுமா என்பது இன்னொன்று. மனிதனை மறுபடி நிலாவுக்கு அனுப்பும் அமெரிக்காவின் ஆர்ட்டெமிஸ் திட்டம் பற்றிப் பேச்சு வந்தால் ஊரில் எல்லோரும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முதல் கேள்விக்காவது கண்ணால் பார்த்துப் பதில் சொல்ல முடியுமா என்றுதான் அந்த வாரமே டெலஸ்கோப்புக்கு ஆர்டர் போட்டேன்.

சரி, பொருளுக்கு வருகிறேன். 130 மி.மீ. குறுக்களவுள்ள கண்ணாடி, 650 மி.மீ. குவியத் தூரம், மேசை மேல் வைத்துப் பார்க்கும் டாப்சோனியன் வகை. முக்காலி கிடையாது, வட்டமான மரப்பலகை அடித்தளம், அதன் மேல் குழாய் மேலும் கீழும், பக்கவாட்டிலும் திரும்பும். கூடவே கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ், அதாவது ஐபீஸ், 25 மி.மீ., 10 மி.மீ. என இரண்டு. முதலாவதில் 26 மடங்கு, இரண்டாவதில் 65 மடங்கு பெரிதாகத் தெரியும். இரண்டு மடங்காக்கும் பார்லோ லென்ஸைத் தனியாக வாங்கினேன், அதோடு 130 மடங்கு. அனுப்புகூலி சேர்த்து மொத்தம் 27 ஆயிரம் ரூபாய் ஆனது. இதே அளவில் நாலைந்து கம்பெனிகள் விற்கின்றன. நான் சொல்லப்போவது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதால் பெயர் எழுதவில்லை.

விளம்பரத்தில் 300 மடங்கு, 500 மடங்கு என்று போட்டிருப்பதை நம்பி ஐந்தாயிரம் ரூபாய்க் குழாய்களை வாங்காதீர்கள். கண்ணாடியின் மி.மீ. அளவை இரண்டால் பெருக்கினால் என்ன வருமோ அதுதான் ஒரு டெலஸ்கோப் தாங்கும் உச்சம். 130-க்கு 260. அதற்கு மேல் பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும்.

வந்த அன்று எனக்கு ஏமாற்றம்தான். நிலா ஒரு பக்கம் வால் முளைத்த மாதிரி இழுபட்டுத் தெரிந்தது. வழியில் எங்கோ இடிபட்டு உள்ளே கண்ணாடி கோணியிருந்தது. விற்ற கடைக்குப் பன்னிரண்டு நாள் போன் செய்தேன். முதலில் எடுத்தார்கள், அப்புறம் எடுக்கவில்லை. கடைசியில் நானே சரிசெய்தேன். இதை யாரும் சொல்லித் தராததால் விவரமாகச் சொல்கிறேன். பழைய பிலிம் ரோல் வரும் கறுப்பு பிளாஸ்டிக் டப்பா என் கடையில் ஒரு சாக்கு நிறையக் கிடக்கிறது. அதன் அடியை அறுத்துவிட்டு, மூடியின் நடுவில் ஊசியைச் சூடாக்கி இரண்டு மி.மீ. ஓட்டை போட்டேன். ஐபீஸ் செருகும் இடத்தில் அது கச்சிதமாக உட்காரும். ஓட்டை வழியாகப் பார்த்தால் கண்ணாடிக்குள் கண்ணாடி, அதற்குள் உங்கள் கண் என்று வளையம் வளையமாகத் தெரியும். குழாயின் பின்புறம் ஆறு திருகாணி இருக்கும். மூன்று இறுக்கிப் பிடிப்பவை, மூன்று சாய்ப்பவை. பிடிப்பவற்றைத் தளர்த்தி, சாய்ப்பவற்றைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பி, வளையங்கள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக நடுவுக்கு வரும்வரை பொறுமையாக உட்கார வேண்டும். எனக்கு முதல்முறை ஒன்றே கால் மணி நேரம் ஆனது. இப்போது ஐந்து நிமிஷம்.

அடுத்தது, பௌர்ணமியன்று பார்க்காதீர்கள். வாங்குகிற எல்லோரும் முதலில் செய்யும் தவறு அது. பௌர்ணமியில் வெயில் நேராக விழுவதால் நிழலே இருக்காது. சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்ப்பது மாதிரி தட்டையாக இருக்கும், கண்ணும் கூசும். வளர்பிறை நாலாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரைதான் பார்க்க வேண்டிய நிலா. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நிழல் விழும். கூசினால், குழாயின் வாய்மூடியில் சின்னதாக ஒரு தனி மூடி இருக்கும், அதை மட்டும் கழற்றிவிட்டுப் பாருங்கள். அதற்கென்று பில்டர் வாங்கிக் காசைச் செலவு செய்ய வேண்டாம்.

படம் தலைகீழாகத்தான் தெரியும். 130 மடங்கில் வைத்தால் நிலா ஒன்றரை நிமிஷத்தில் பார்வையிலிருந்து நழுவிவிடும், கையால் மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஆத்தாவுக்கு அது முதலில் பிடிபடவில்லை. பூமி சுற்றுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நான் கண்ணால் பார்த்தது அந்த நழுவலில்தான்.

மாடிக்கு வந்த அத்தனை பேரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றே: "கொடி தெரியுமா?" தெரியாது. மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், அவள்தான் கணக்குப் போட்டுச் சொன்னாள். 130 மி.மீ. கண்ணாடியால் நிலாவில் ஒன்றரை கிலோமீட்டருக்கும் குறைவான எதையும் பிரித்துக் காட்ட முடியாது. அன்று மனிதனை நிலாவில் இறக்கிய அப்போலோ இறங்குகலம் கால்களோடு சேர்த்து ஒன்பது மீட்டர் அகலம்தான். வானத்தில் சுற்றும் ஹப்பிளின் கண்ணாடி 2.4 மீட்டர், அதற்கே நிலாவில் நூறு மீட்டர் வாக்கில்தான் எல்லை. கொடியைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் போக வேண்டும். 2009-ல் போன அமெரிக்காவின் எல்.ஆர்.ஓ. விண்கலம் அப்படித்தான் நிலாவைச் சுற்றிக்கொண்டே இறங்குகலங்களின் அடிப்பகுதியையும், வீரர்கள் நடந்த தடத்தையும் படம் எடுத்தது. அதற்கு முன்னாலேயே 2008-ல் ஜப்பானின் காகுயா, அப்போலோ 15 இறங்கிய இடத்தில் எஞ்சின் புழுதியை ஊதிக் கலைத்த அடையாளத்தைப் பதிவு செய்திருந்தது.

ஆனால் சந்தேகப்படுகிறவர்களின் ஒரு கேள்விக்கு இந்த டெலஸ்கோப்பே பதில் சொன்னது. "நிலாவில் எடுத்த படத்தில் நட்சத்திரம் ஏன் இல்லை?" என்பார்கள் இல்லையா. ஐபீஸில் மாட்டும் போன் கவ்வியை மகள் 600 ரூபாய்க்கு வாங்கினாள். முதல் நாள் அவள் எடுத்த படத்தில் நிலாவின் பள்ளங்கள் ஊசி முனையாகத் தெரிந்தன, சுற்றிலும் வானம் மைக் கறுப்பு. ஒரு நட்சத்திரம்கூட இல்லை. அன்று மாடியிலிருந்து வெறும் கண்ணுக்கு எத்தனையோ தெரிந்தன. வெயில் பட்டு ஜொலிக்கும் தரைக்கு ஏற்ப கேமராவை வைத்தால் நட்சத்திரம் பதியாது. எங்கள் வீட்டு மாடியில் நடந்ததுதான் அங்கேயும் நடந்தது.

இப்போது அம்மானின் முதல் கேள்வி. அதற்கான பதில் எனக்கு டெலஸ்கோப்பில் கிடைக்கவில்லை, கடையில் கிடைத்தது.

எனாமல் சட்டியில் நகல் நிறைய வருகிறது. புதுச் சட்டியை ஆசிட்டில் நனைத்து, ஓரத்தைத் தட்டி உதிர்த்து, ஸ்வீடன் சரக்கு என்று கொண்டுவருவார்கள். லென்ஸ் வைத்து அடிவிளிம்பின் தேய்மானத்தைப் பார்ப்பேன். அதிலும் சந்தேகம் தீராவிட்டால் எதிர்க்கடைக்காரரிடம் காட்டுவேன். என் சரக்கு நகல் என்று ஊருக்குச் சொல்வதில் அவருக்குத்தான் லாபம். அவர் வாயாலேயே "அசல்தான்" என்று வந்துவிட்டால் அதற்கு மேல் சான்று தேவையில்லை.

1969-ல் எதிர்க்கடைக்காரர் சோவியத் யூனியன். அப்போலோ 11 நிலாவில் இருந்த அதே நாட்களில் அவர்களுடைய லூனா 15 ஆளில்லா விண்கலமும் நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜூலை 21 அன்று மோதி உடைந்தது. அமெரிக்கா பொய் சொல்லியிருந்தால் உலகத்தின் முன் போட்டு உடைக்க அவர்களைவிட ஆவலான ஆள் கிடையாது, கேட்பதற்குக் கருவியும் இருந்தது. அவர்கள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அடுத்த வருஷம் லூனா 16 மூலம் அவர்களே நூறு கிராம் மண் எடுத்துவந்தார்கள். 1971-ல் இரண்டு நாடும் தங்கள் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிக்கொண்டன. பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. எதிர்க்கடைக்காரரே சரக்கை வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டார்.

இதைவிட எனக்குப் பிடித்தது, அப்போதே எத்தனை நாட்டுக் கை அதில் பட்டிருக்கிறது என்பது. அப்போலோ 11 வீரர்கள் அமெரிக்கக் கொடியை நடுவதற்கு முன்னால் விரித்து வைத்தது சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகம் கொடுத்த அலுமினியத் தகடு. சூரியக் காற்றின் துகளைப் பிடிக்கும் சோதனை அது. நிலாத் தரையில் ஓடிய சோவியத்தின் லூனாகோட் வண்டிகள் இரண்டிலும், வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் பிரதிபலிப்பான் பிரான்ஸ் செய்து கொடுத்தது இருந்தது. முதல் வண்டி இருந்த இடம் சரியாகத் தெரியாமல் நாற்பது வருஷம் கிடந்து, 2010-ல் எல்.ஆர்.ஓ. படத்தைப் பார்த்து லேசர் அனுப்பியபோது ஒளி திரும்பி வந்தது. அப்போலோ 11 வைத்துவிட்டு வந்த நூறு முப்பட்டகங்களிலிருந்தும் அப்படியே ஒளி திரும்புகிறது. பிரான்ஸிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இன்றைக்கும் லேசர் அடித்து அளக்கிறார்கள். நிலா வருஷத்துக்கு 3.8 செ.மீ. விலகிப் போகிறது என்று அப்படி அளந்துதான் கண்டார்கள்.

நம் கையும் பட்டிருக்கிறது. 2008-ல் சந்திரயான்-1 சுமந்துபோன 11 கருவிகளில் ஆறு வெளிநாட்டுடையவை. நிலாவில் தண்ணீரின் தடயத்தைக் கண்டதில் அதிலிருந்த நாசா கருவிக்குப் பெரும் பங்கு உண்டு. திட்டத்தை நடத்தியவர் கோவை மாவட்டம் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்குச் சந்திரயான்-3 இறங்கியதை என் கடை டிவியில் தெருவே கூடி நின்று பார்த்தது. அதன் இறங்குகலமான விக்ரம் மேலே நாசாவின் சின்ன பிரதிபலிப்பான் ஒன்று இருக்கிறது. ஐந்து செ.மீ. அகலம், எட்டு முப்பட்டகம், குங்குமச் சிமிழ் அளவுதான். அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று எல்.ஆர்.ஓ. அதை நோக்கி லேசர் அனுப்பி, திரும்பி வந்த ஒளியைப் பிடித்தது. விக்ரம் இறங்கிப் பழகிய செயற்கை நிலா மண்ணுக்கான பாறை நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் எடுத்தது. இவ்வளவு பேர் தொட்டு, எடைபோட்டு, ஒளி அனுப்பிச் சோதித்த ஒன்றை நகல் என்று சொன்னால், நான் என் தொழிலையே விட்டுவிட வேண்டியதுதான்.

"சரி, அப்ப ஏன் அம்பது வருசம் போகலை?" இதற்குப் பதில் எங்கள் வீட்டிலேயே நிற்கிறது. வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றி, இருக்கும் பர்மாத் தேக்குத் தூண்கள். எங்கள் ஐயாவும் அவர் அண்ணன்மாரும் ரங்கூனில் கடை வைத்திருந்தார்கள். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது விட்டுவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் அங்கே போய்க் கடை போடவில்லை. 80 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதனால் முதலில் போனதே பொய் என்று அம்மான் சொல்வாரா? போவதற்கு இருந்த காரணம் போய்விட்டது, அதனால் போக்குவரத்து நின்றது. அப்போலோவும் அப்படித்தான். ரஷ்யாவை முந்துவதற்காக 1966-ல் அமெரிக்க அரசு செலவில் நூற்றுக்கு நாலு ரூபாய்க்கு மேல் நாசாவுக்குப் போனது. முந்தியாகிவிட்டது, பெட்டியை மூடிவிட்டார்கள். 1972 டிசம்பரில் அப்போலோ 17 கடைசி. தூண் நிற்பது மாதிரி, அவர்கள் கொண்டுவந்த 382 கிலோ பாறையும் மண்ணும் இன்னும் இருக்கின்றன.

இதைச் சொன்னபோது அம்மான் கொஞ்ச நேரம் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். "போனது சரி" என்றார். "மறுபடி போறதுக்கு வரவு என்ன?"

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். இது அறியாமையில் கேட்பது இல்லை. அமெரிக்காவிலேயே 2018-ல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, மனிதனை நிலாவுக்கு அனுப்புவது நாசாவின் முதன்மை வேலையாக இருக்க வேண்டும் என்றவர்கள் 13 சதவீதம்தான். பருவநிலையைக் கண்காணிப்பதே முதன்மை வேலை என்றவர்கள் 63 சதவீதம். நாசாவின் தணிக்கை அலுவலகமே, ஆர்ட்டெமிஸின் முதல் நான்கு பயணங்களில் ராக்கெட்டும் விண்கலமும் ஏவுவதற்கு ஒவ்வொரு தடவையும் 410 கோடி டாலர் ஆகும், இது நீடிக்காது என்று எழுதியது. நம் பணத்தில் 35 ஆயிரம் கோடிக்கு மேல். சந்திரயான்-3-க்கு ஆனது ஏறக்குறைய 615 கோடி ரூபாய். மனிதனை ஏற்றிப்போய்த் திருப்பிக் கொண்டுவருவதையும் இயந்திரத்தை இறக்குவதையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். இருந்தாலும் இந்த இடைவெளியைப் பார்த்துக் கேள்வி கேட்காதவன் கணக்குத் தெரியாதவன்.

என் பதில் இது: ஒரு நாடு மட்டும் கொடி நடுவதற்காகப் போவதானால் வேண்டாம். அது 1972-ல் நின்ற மாதிரி மறுபடி நிற்கும். எல்லோரும் பங்கு போட்டுப் போவதானால் போகலாம், போகத்தான் வேண்டும். ஏனென்றால் அங்கே யார் எப்படி நடந்துகொள்வது என்ற வழக்கம் இப்போதுதான் உருவாகிறது. அது உருவாகும்போது நாம் அங்கே இருக்க வேண்டும்.

பங்காளி வீடு வைத்திருப்பவர்களுக்கு இது விளங்கும். எங்கள் வீட்டுக்குப் பதினொரு பங்கு. ஓடு மாற்றுவதென்றாலும் பதினொரு பேரிடம் கேட்க வேண்டும், மாதக்கணக்காகும். ஆனால் அதனால்தான் வீடு நிற்கிறது. தூணை விற்க என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போட்டாயிற்றா என்பதைத்தான். போடாத சரக்கை நான் தொடுவதில்லை. பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக நிலைக்கதவைக் கழற்றி விற்றார். அந்த வீடு இன்று முள் மண்டிக் கிடக்கிறது.

நிலா எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை என்று 1967 விண்வெளி ஒப்பந்தம் சொல்கிறது. அது பொது வீடு. அங்கே தண்ணீரோ தாதுவோ எடுத்தால் எப்படி எடுப்பது, ஒருவர் வேலை செய்யும் இடத்தில் இன்னொருவர் குறுக்கிடாமல் எப்படி இருப்பது என்பதற்கான பொது நெறிகள் ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் எழுதியிருக்கின்றன. 2020 அக்டோபரில் எட்டு நாடுகள் கையெழுத்திட்டுத் தொடங்கின. 2023 ஜூனில் இந்தியாவும் போட்டது. சீனாவும் ரஷ்யாவும் போடவில்லை. 2021 முதல் அவர்கள் தனியாக ஒரு நிலா நிலையத்துக்குத் திட்டம் போடுகிறார்கள். 2030-க்குள் மனிதனை இறக்குவோம் என்கிறது சீனா. ஆக இது இரண்டு கட்சியாகப் பிரிந்த பங்காளிச் சண்டை மாதிரிதான் இருக்கிறது. அதுதான் என் கவலை. ஆனால் நடுவில் கதவு முழுதும் அடைபடவில்லை. ஆர்ட்டெமிஸில் கையெழுத்துப் போட்ட பிரான்ஸும் இத்தாலியும் 2024-ல் சீனாவின் சாங்-இ 6 விண்கலத்திலும் கருவி அனுப்பின. சாங்-இ 5 கொண்டுவந்த மண்ணை ஆராயச் சொல்லிச் சீனா கொடுத்த ஆறு நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று.

ஆர்ட்டெமிஸ் தனி ஆள் வேலை இல்லை என்பதும் உண்மை. அதில் வீரர்கள் உட்கார்ந்து போகும் ஓரியன் விண்கலத்துக்கு மின்சாரம், காற்று, தண்ணீர் தந்து தள்ளிக்கொண்டு போகும் பகுதி ஐரோப்பாவுடையது, ஜெர்மனியின் பிரெமன் நகரில் பூட்டியது. 2022 நவம்பரில் ஆளில்லாமல் போன முதல் பயணத்தில் அதுதான் நிலாவைச் சுற்றவைத்துத் திரும்பக் கொண்டுவந்தது. இரண்டாவது பயணத்துக்குத் தேர்ந்தெடுத்த நால்வரில் ஜெரமி ஹான்சன் கனடாக்காரர். ஜப்பான் ஒரு வண்டி செய்து கொடுக்கிறது, உள்ளே சட்டை மாதிரி சாதாரண உடையில் உட்கார்ந்து நிலாவில் ஓட்டலாம். அதற்கு ஈடாக இரண்டு ஜப்பானியருக்கு இறங்கும் வாய்ப்பு என்று 2024-ல் எழுதிக்கொண்டார்கள். அம்மானுக்கு இந்த ஏற்பாடு உடனே பிடித்துப்போனது. பண்டத்துக்குப் பண்டம், எழுத்தில்.

கூட்டாளி கைவிடுவதும் உண்டு. சந்திரயான்-2-க்கு இறங்குகலம் ரஷ்யா தருவதாக இருந்து தரவில்லை. நாமே செய்தோம், 2019-ல் விழுந்தது, 2023-ல் எழுந்தோம். நிலாவைச் சுற்றத் திட்டமிட்ட கேட்வே நிலையத்தை நிறுத்திவிடலாம் என்று 2025 மே மாதம் அமெரிக்க பட்ஜெட் முன்மொழிவில் எழுதியபோது, அதற்காக வருஷக்கணக்கில் உழைத்த ஐரோப்பியருக்கும் கனடாக்காரருக்கும் எப்படி இருந்திருக்கும்? அதனால்தான் ஜப்பானோடு நாம் செய்யும் அடுத்த திட்டத்தை ஆவலாகப் பார்க்கிறேன். இறங்குகலம் நம்முடையது, 250 கிலோ வண்டி அவர்களுடையது. எவரும் மற்றவரை விட்டுவிட்டுப் போக முடியாத பங்கு.

கடைசியாக இரண்டு ராத்திரி. பிள்ளையார் நோன்பன்று, திருக்கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தோராம் நாள், வளர்பிறை சஷ்டி. இழை எடுத்து, பொரியும் கருப்பட்டிப் பணியாரமும் சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்கு மாடிக்குப் போனோம். வெளிச்சக் கோட்டின் மேல் தியோஃபிலஸ் பள்ளம், நூறு கிலோமீட்டர் அகலம். அதன் சுற்றுச்சுவர் மட்டும் வெள்ளி வளையல் மாதிரி வெயிலில் இருந்தது, உள்ளே முழு இருட்டு. இருட்டின் நடுவில் ஒரே ஒரு வெளிச்சப் பொட்டு. பள்ளத்தின் நடுவே நிற்கும் மலையின் உச்சி அது. அந்த ஊரில் அப்போதுதான் விடிகிறது. இரண்டு மணி நேரத்தில் அந்தப் பொட்டு பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டு நீண்டது. நிலாவில் பொழுது விடிவதை உட்கார்ந்து பார்த்தோம். மூட்டுவலி என்று அம்மான் வரவில்லை.

மறுநாள் வந்தார், இரண்டு பேர் தோளைப் பிடித்து ஏற்றினோம். அதற்குள் வெளிச்சம், அமைதிக் கடல் என்று பெயர் வைத்திருக்கும் நிலாச் சமவெளியின் மேற்கு ஓரத்தைத் தாண்டியிருந்தது. சபைன், ரிட்டர் என்று முப்பது கிலோமீட்டர் அளவில் இரட்டைப் பள்ளங்கள் தோசைக்கல்லும் மூடியும் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் தெரியும். அவற்றுக்குக் கொஞ்சம் கிழக்கே வழவழப்பாக இருக்கும் வெறுந்தரைதான் அப்போலோ 11 இறங்கிய இடம். 1969 ஜூலை 20 அன்றும் நிலா வளர்பிறையில் ஏறக்குறைய இதே அளவுதான் இருந்தது. வெயில் தாழ்ந்திருந்தால்தான் நிழல் நீளமாக விழும், கல்லும் குழியும் ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியும் என்று அங்கே காலைப் பொழுதாக இருக்கும் நாளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இதைச் சொல்லிக்கொண்டே குழாயைத் தள்ளித் தள்ளிக் காட்டினேன். அவர் குனிந்தபடியே வெகுநேரம் பார்த்தார்.

"இந்த நெழலப் பார்த்துத்தான் எறங்கினானா?"

"ஆமா அம்மான்."

"எடம் பார்த்து, நேரம் பார்த்துப் போயிருக்கான்" என்றார். அப்புறம் மறுபடி குனிந்தார். செலவு விஷயத்தில் அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஜப்பான் திட்டத்துக்கு நம் பங்கு எவ்வளவு என்று மறுநாள் காலையே கேட்டு, சிட்டையில் எழுதிக்கொண்டார்.

இந்த டெலஸ்கோப்பை வாங்கச் சொல்வேனா? வீட்டில் இரண்டு பேராவது பார்க்க இருந்தால் வாங்குங்கள். கொடியைத் தேடுகிறவர்கள் வாங்க வேண்டாம். மார்கழிப் பனியில் ஒன்பது மணிக்கு மேல் கண்ணாடி வேர்க்கும்; துணியால் துடைக்காதீர்கள், பூச்சு கீறிவிடும், குழாயின் வாயை மூடாமல் வீட்டுக்குள் வைத்தால் காலையில் தானே காய்ந்துவிடும். குறிபார்க்கும் சிவப்பு விளக்குக்கு வட்ட பேட்டரி ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள், அணைக்க மறந்தால் ஒரே ராத்திரியில் தீர்ந்துபோகும்.

பெரிய குறை உயரம். மேசை மேல் வைப்பது என்று விற்கிறார்கள், ஆனால் சாதாரண மேசை ஆடும். ஆடினால் நிலாவும் ஆடும். தரையில் வைத்தால் வயதானவர்கள் குனிய முடியாது. ஆசாரியிடம் சொல்லி, உடைந்த நிலைக்கதவின் தேக்குத் துண்டில் மூன்று கால் வைத்து ஒரு மணை செய்யக் கொடுத்திருக்கிறேன். அம்மான் நாற்காலியில் உட்கார்ந்தால் கண் எந்த உயரத்தில் வருகிறதோ அந்த அளவுக்கு. தை மாத வளர்பிறை சஷ்டிக்கு முன்னால் வேண்டும் என்று அவரே ஆசாரிக்குப் போன் செய்து சொல்லிவிட்டார்.